எட்டாம் பாடலின் இடம்

நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களுள் ஒன்றாக நன்னூல் 'கூறியது கூறல்' என்பதை வைக்கிறது. முன்னர்ச் சொன்னதையே பயனின்றி மீண்டும் சொல்வது என்பது அதன் பொருள். தண்டியலங்காரமோ, ஒரு செய்யுளில் வந்த சொல்லே மீளமீள வருவதைப் பின்வருநிலையணி என்று பெயரிட்டு அழகுகளுள் ஒன்றாக எண்ணுகிறது. அறிவுநூலுக்கு ஒரு நெறி, செய்யுளுக்கு ஒரு நெறி என்று இலக்கணத்தார் எளிதில் அமைதி கூறிவிடலாம். வழிபாட்டுச் சொல்லுக்கு அந்த அமைதி போதாது; ஏனெனில் தொழுகிறவர் சொல்வது உண்மையாகவும் இருக்க வேண்டும், அவர் உள்ளத்திலிருந்து வந்ததாகவும் இருக்க வேண்டும். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் பிறர் வாயில் புழங்கிய தொடரை அப்படியே எடுத்துச் சொல்லும்போது அது அவருடைய சொல்லாகுமா?

இதை ஒத்த கேள்வி ஒன்றை இந்திய மெய்யியல் முன்பே எதிர்கொண்டது. வேதத்தில் 'புனருக்தம்', அதாவது சொன்னதையே சொல்லும் குற்றம், உண்டு என்ற எதிர்வாதத்தை எடுத்துக்கொள்ளும் கௌதமரின் நியாய சூத்திரம், பயன் கருதி மீளச் சொல்வதை 'அனுவாதம்' என்று அதிலிருந்து வேறுபிரிக்கிறது. ஒருவரை விரைந்து போகுமாறு இருமுறை ஏவும்போது இரண்டாவது சொல் புதிய செய்தி எதையும் தருவதில்லை, ஆயினும் நடப்பவரின் வேகம் கூடுகிறது என்பது அங்கே காட்டப்படும் உவமையின் கருத்து.

தமிழில் இதற்கு மிகத் தெளிவான சான்று திருஞானசம்பந்தரின் பதிகங்கள். பதிகம் என்பது பெரும்பாலும் பத்துப் பாடல்களும், பாடியவர் பெயரையும் பாடுவோர் அடையும் பயனையும் கூறும் திருக்கடைக்காப்பும் கொண்ட தொகுதி. அவற்றுள் மிகப் பலவற்றில் எட்டாம் பாடல் கயிலையைப் பெயர்க்க முயன்ற இராவணனுக்கும், ஒன்பதாம் பாடல் அடிமுடி தேடிக் காணாத திருமாலுக்கும் பிரமனுக்கும், பத்தாம் பாடல் சமணரையும் பௌத்தரையும் மறுப்பதற்கும் ஒதுக்கப்பட்டுள்ளன. தலமும் பண்ணும் மாறினாலும் இந்த இருக்கைகள் மாறுவதில்லை. எட்டாம் பாடலில் விரல், ஊன்றுதல், அடர்த்தல், அருளுதல் என்ற சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றுள் இறுதியில் வரும் அருளே அந்த இடத்துக்கு உயிர். மலையின் கீழ் நெரிபட்டவன் இசை பாடி இறைவனை மகிழ்வித்து வாள் பெற்று மீண்டான் என்பது கதை. மாதோட்டத்துத் திருக்கேதீச்சரப் பதிகத்திலும் தென்னிலங்கைத் தலைவன் அடர்க்கப்பட்ட அதே பாடலிலேயே அருளும் பெறுகிறான். இலங்கையில் இதைப் பாடுகிறவருக்கு அது தம் நாட்டு அரசனின் வீழ்ச்சியும் மீட்சியுமாகும். திரும்ப வரும் அந்தச் சொற்கள், பிழை செய்தவர் எவரும் வந்து நிற்பதற்கென ஒழிச்சலாக விடப்பட்ட ஓரிடத்தைக் காத்து வருகின்றன என்றே கொள்ள வேண்டும்.

சங்கப் பாடல்களில் மீண்டும் மீண்டும் வரும் தொடர்களை இலங்கை அறிஞர் க. கைலாசபதி 1968இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட தம் நூலில் ஆராய்ந்து, அவை வாய்மொழியாகப் பாடிய பாணரின் தொழிற்கருவிகள் என்று விளக்கினார். அத்தொடர்கள் எவ்வாறு பிறந்தன என்பதற்கு அது நல்ல விடை. அவற்றைச் சொல்லும் நெஞ்சில் நிகழ்வது என்ன என்பதற்கு ஏட்டைவிட்டு வெளியே வர வேண்டும்.

இரத்தினபுரி மாவட்டத்தில், பெல்மதுளையிலிருந்து எம்பிலிப்பிட்டிக்குச் செல்லும் வழியில் உள்ள கஹவத்தையைச் சூழ்ந்த தேயிலை, இறப்பர் தோட்டங்களில் ஒரு சாவு நேர்ந்தால், லயம் எனப்படும் தொழிலாளர் வரிசைவீட்டின் வாசலில் பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் பற்றிக்கொண்டு ஒப்பாரி வைக்கிறார்கள். இறந்தவர் தாயானால் ஒரு விளி, கணவனானால் வேறொரு விளி. பொன்னும் தேரும் பூவுமாக வரும் உவமைகள் பாட்டி காலத்தவை. அவற்றினிடையே பாடுபவர் நுழைப்பது கொழுந்து பறித்த மலையின் பெயரும், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் சென்ற இரவுமே. மற்றவை எல்லாம் இரவல் சொற்கள் என்பதால் அந்த அழுகை பொய் என்று அங்கே இருக்கும் எவரும் நினைப்பதில்லை. துக்கம் புதிதாகச் சொல் தேடும் நிலையில் இல்லாதபோது பழஞ்சொல்லே அதைத் தாங்குகிறது. தொழுகையிலும் நிகழ்வது இதுவே.

அயற்கிராமத்து விகாரையில் ஓதப்படும் 'பிரித்' என்னும் பாளிச் சூத்திரப் பாராயணமும் இவ்வகைச் சொற்கட்டினால் ஆனதே. கி.மு. முதலாம் நூற்றாண்டில் மாத்தளை அலுவிகாரையில் எழுத்தில் ஏறும்வரை பாளித் திரிபிடகம் வாய்மொழியாகவே காக்கப்பட்டது. மீண்டும் மீண்டும் வரும் பகுதிகளை எழுதுவோர் 'பெய்யாலம்' என்னும் சுருக்கக் குறியால் விட்டுச் செல்ல, ஓதுவோர் அவற்றை நினைவிலிருந்து நிரப்பிக்கொள்வர். 1860களில் தேரர்கள் கூடி அந்த ஏடுகளை ஒப்புநோக்கித் திருத்திய ஊர் கஹவத்தைக்கு அண்மையிலுள்ள பெல்மதுளையே.

இங்கேதான் பத்தாம் பாடல் கடினமான கேள்வியாகிறது. மரபுச் சொல் சொல்பவரின் சொல்லாகவே ஆகிவிடுமாயின், ஏழாம் நூற்றாண்டுத் தமிழகத்தின் சமயப் போர்க்களத்தில் எழுந்த அந்தக் கடுமொழியும் இன்று பௌத்த அயலாரோடு ஒரே கடையில் அரிசி வாங்குபவரின் சொல்லாகிவிடுமன்றோ? இரண்டு இருக்கைகளும் ஒரே பதிகத்தில் அமைந்தவையாயினும் ஒரே தன்மையுடையன அல்ல. எட்டாவதில் அடர்க்கப்பட்டவன் அருள் பெற்று எழுகிறான். பத்தாவதில் மறுக்கப்பட்டவருக்கு அத்தகைய திருப்பம் வாய்ப்பதில்லை. ஆகவே அதை மறைக்காமலும் திருத்தாமலும் வரலாற்றோடு சேர்த்துக் கற்பதும், அதனைத் தம் வேண்டுதலாக்கிக் கொள்ளாமல் இருப்பதும் ஒருங்கே இயலும். மீளச் சொல்வதற்குப் பயன் வேண்டும் என்று நியாய நூலார் விதித்த நிபந்தனையும் அதைத்தான் கேட்கிறது.

பூசை முடிவில் தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் என்னும் ஐந்திலிருந்தும் ஒவ்வொரு பாடலை ஓதும் பஞ்சபுராண வழக்கம் இலங்கைச் சைவரிடையே ஊன்றியது. தேவாரத்துக்கென அங்கே கிடைப்பது ஒரே ஒரு பாடலுக்கான இடம். பள்ளியில் சைவநெறிப் பாடத்தில் கற்றதை நினைவில் வைத்து, கோயில் வாசலில் கண்மூடி நிற்கும் பிள்ளை அதற்குப் பத்தாம் பாடலைத் தேர்வதில்லை.