பாத்திரமும் கயிறும்

வறுமையில் வாழும் மாற்றுத்திறனாளிக்குச் சமுதாயம் ஆற்ற வேண்டிய கடமை யாது என்னும் வினாவிற்குச் சமயங்கள் பெரும்பாலும் இரக்கத்தையே விடையாகக் கூறி வந்துள்ளன. பசித்தவருக்குச் சோறிடுவதும் ஆதரவற்றவருக்கு நிழல் தருவதும் அறம் என்பதில் எச்சமயத்திற்கும் ஐயமில்லை. ஆயினும், ஒருவரை உயிரோடு காப்பது வேறு, தம் வாழ்வை அவரே நடத்திச் செல்ல வழிசெய்வது வேறு. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகளைக் கணக்கிட்டது; அவர்களில் பத்தில் ஏழு பேர் அளவிற்குச் சிற்றூர்களில் வாழ்ந்தனர். மருத்துவமும் போக்குவரத்தும் பள்ளியும் எட்டாத் தொலைவில் இருக்கும் இவ்வூர்களில் இரக்கம் மட்டும் அறத்தை நிறைவு செய்யுமா என்பது ஆராயத் தக்கது.

இவ்வாராய்ச்சியில் முதலில் எதிர்ப்படுவது வினைக்கொள்கை, அதாவது ஒருவர் முற்பிறப்பில் செய்த நல்வினை தீவினைகளின் பயனை இப்பிறப்பில் நுகர்கிறார் என்னும் கோட்பாடு. உடற்குறையைப் பழவினையின் பயனாகக் காணும் வழக்கம் ஊர்ப்பேச்சில் இன்றும் உண்டு. பெற்ற தாயே தன் குழந்தையின் நிலைக்குத் தன்னைப் பழித்துக்கொள்ளும் அளவிற்கு அது வேரூன்றியது. ஆனால் வினையை ஏற்றுக்கொண்ட மரபுகளே இவ்வெளிய விளக்கத்தை மறுத்ததும் உண்டு. மனிதர் படும் துன்பம் யாவும் பழவினையால் வருவதா என்று வினவிய சீவகன் என்னும் துறவிக்கு, பித்தம், சளி, வாயு, பருவமாற்றம், பிறரது தாக்குதல் முதலியவற்றைத் தனித்தனிக் காரணங்களாகப் புத்தர் எண்ணிக் காட்டியதாகப் பாலி மொழியிலுள்ள சம்யுத்த நிகாயம் கூறுகிறது; வினை அவற்றுள் ஒன்று மட்டுமே. பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்டு, பாவம் செய்தவர் இவரா, இவருடைய பெற்றோரா என்று சீடர் கேட்டபோது, இருவருமல்லர் என்று இயேசு மறுத்ததை யோவான் நற்செய்தி பதிவு செய்துள்ளது. காரணத்தை எவ்வாறு விளக்கினாலும் கடமை குறைவதில்லை என்பதே இவற்றால் பெறப்படுவது.

கடமையின் வடிவம் எது என்னும் அடுத்த கேள்விக்குத் தமிழ் இலக்கியம் இரு வேறு மாதிரிகளைத் தருகிறது. முதலாவது, சாத்தனார் இயற்றிய பௌத்த காப்பியமான மணிமேகலையில் வரும் ஆபுத்திரன். மதுரையில் தான் இரந்து பெற்ற உணவைப் பார்வையற்றோர்க்கும் செவிப்புலன் இழந்தோர்க்கும் கால் முடங்கினோர்க்கும் முதலில் ஊட்டி, எஞ்சியதைத் தான் உண்ட அவனுக்கு, அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி என்னும் பாத்திரம் சிந்தாதேவியிடமிருந்து கிடைக்கிறது. ஆயின் அக்கதை அங்கு முடிவதில்லை. இந்திரன் பாண்டிய நாட்டில் மழை பெய்விக்க, விளைச்சல் பெருகி, ஆபுத்திரனிடம் கையேந்துவோர் இல்லாமற் போகின்றனர்; பசித்தோரைத் தேடிச் சாவக நாட்டிற்குக் கப்பலேறியவன் இடையில் மணிபல்லவத் தீவில் தனித்து விடப்பட்டு, ஊட்டுவதற்கு ஆளில்லாத பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் எறிந்துவிட்டு, உண்ணாமல் உயிர் துறக்கிறான். பெறுவோர் இல்லையேல் கொடுப்போனுக்கு வாழ்வே இல்லை என்னும் இந்நிலை, தூய ஈகைக்குள்ளும் மறைந்திருக்கும் ஒரு சிக்கலை வெளிப்படுத்துகிறது.

இரண்டாவது மாதிரி, 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரிய புராணத்தில் வரும் தண்டியடிகள். பிறவியிலேயே பார்வையற்ற அவர், திருவாரூர்க் கோயிற் குளம் தூர்ந்திருப்பதை அறிந்து அதனைத் தாமே தோண்ட முற்படுகிறார். குளத்தினுள் ஒரு தறியும் கரையில் ஒரு தறியும் நட்டு, இரண்டிற்கும் இடையே கயிறு கட்டி, அதைத் தடவியபடியே இறங்கி மண்ணை வெட்டிக் கூடையில் சுமந்து வந்து கரையில் கொட்டுகிறார். அவரை எள்ளியவர்கள் மண்வெட்டியையும் கூடையையும் பறித்துத் தறிகளையும் பிடுங்கி எறிந்தபோதுதான் அவர் பணி நிற்கிறது. இறையருளால் அவர் கண் பெற்றதையே பலரும் நினைவிற் கொள்வர்; ஆனால் கண் வருமுன்னரே அவர் பணி செய்தார் என்பதும், அதை நிறுத்தியது பார்வையின்மை அன்று, தறிகளைப் பிடுங்கிய கைகளே என்பதும் அவ்வரலாற்றில் தெளிவாக உள்ளன. அதே வேளையில், அவரைத் தடுத்த சமணர் பார்வை இழப்பதாக முடியும் அக்கதை, சமயப் பூசலின் வேகத்தில் பார்வையின்மையை மீண்டும் தண்டனையாக்கிவிடுகிறது. ஆகவே, அது முன்வைக்கும் உண்மையை ஏற்பவர் அதன் முடிவையும் ஏற்கவேண்டுவதில்லை.

பிற மரபுகளிலும் இரண்டாம் மாதிரிக்குச் சான்றுண்டு. பார்வையற்றவரான அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூமைத் தொழுகைக்கு அழைக்கும் பணியில் அமர்த்திய நபிகள் நாயகம், தாம் வெளியூர் சென்ற காலங்களில் மதீனாவின் பொறுப்பையும் அவரிடம் ஒப்படைத்ததாக இசுலாமிய வரலாறு கூறும். யூத அறிஞர் மைமோனிடீசு 12-ஆம் நூற்றாண்டில் ஈகையை எட்டுப் படிகளாக வகுத்தபோது, பிறரிடம் கையேந்தும் தேவையே எழாதவாறு ஒருவருக்குக் கடனோ கூட்டுத்தொழிலோ வேலையோ தருவதை உச்சிப் படியில் வைத்தார்.

இக்கருத்தை ஏழைச் சமுதாயங்களின் மெய்ந்நிலையோடு இணைத்துக் காட்டியவர் பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென். ஒரே வருவாய் எல்லோருக்கும் ஒரே அளவு வாழ்வைத் தருவதில்லை. கால் செயலிழந்தவர் அதே கூலியில் ஒரு பகுதியை வண்டிக்கும் துணையாளுக்கும் செலவிட வேண்டியிருப்பதால், அவரது வறுமை கணக்கேடு காட்டுவதினும் ஆழமானது என்பது அவர் வாதம். ஆகவே கையில் உள்ள பணத்தை மட்டுமன்றி, அதைக்கொண்டு ஒருவர் எதைச் செய்யவும் எவராக இருக்கவும் இயலும் என்பதை அளக்க வேண்டும் என்றார். செயற்கைக்கால் இதற்குத் தக்க சான்று. மேலைநாட்டில் செய்த கால்கள் காலணி அணிந்து, சமதளத்தில் நடந்து, நாற்காலியில் அமர்பவருக்காக உருவானவை. வெறுங்காலோடு சேற்றில் இறங்கி, குந்தி வேலை செய்து, சம்மணமிட்டு உண்ணும் உழவருக்கு அவை உதவவில்லை. 1960-களின் இறுதியில் கைவினைஞர் இராம் சந்திர சர்மாவும் மருத்துவர் பி.கே.சேத்தியும் ரப்பரால் உருவாக்கிய ஜெய்ப்பூர்க் கால், உடலை மட்டுமன்றி உடல் வாழும் இடத்தையும் அளந்து செய்யப்பட்டதாலேயே பலரை மீண்டும் வயலுக்கும் தொழிலுக்கும் அனுப்பியது.

உதவியை வகுப்பவர் யார் என்பதும் இதனோடு சேர்ந்த கேள்வியே. 1954-இல் நேர்ந்த வாகன விபத்தில் இடுப்பின் கீழ் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீசு, வேலூரில் சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தவர். பின்னர் அங்கு மறுவாழ்வு மருத்துவத் துறையை வளர்த்தவரும் அவரே. கழுத்துக்குக் கீழ் செயலிழந்த எஸ்.இராமகிருஷ்ணன் 1981-இல் ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்கான அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். உதவி பெறுபவர் என்று ஊர் கருதியவர்களே இங்கு உதவியின் போக்கைத் தீர்மானித்தனர்.

தற்சார்பு என்பது தனிமனிதரை முதன்மைப்படுத்தும் மேலைநாட்டுக் கருத்து என்றும், குடும்பமே தாங்கும் சமுதாயத்திற்கு அது பொருந்தாது என்றும் ஒரு மறுப்பு எழலாம். பிறரைச் சாராத மனிதர் எங்கும் இல்லை என்னும் அளவில் அம்மறுப்பு சரியே. ஆனால் அமெரிக்காவின் பெர்க்லியில் 1972-இல் தற்சார்பு வாழ்வு மையம் தொடங்கிய மாற்றுத்திறனாளிகளும் துணையின்றி வாழ்வதைத் தற்சார்பு என்று கொள்ளவில்லை. எந்தத் துணை, எப்போது, எவரால் என்பதைத் தாமே முடிவு செய்வதையே அவ்வாறு அழைத்தனர். இவ்வளவுகோலைக் குடும்பத்திற்குள்ளும் வைத்துப் பார்க்கலாம். பராமரிப்பு உதவித்தொகை பயனாளியின் பெயரில் வங்கிக்கு வந்தும், ஏ.டி.எம். அட்டை அண்ணன் கையில் இருக்குமானால் பணம் சேர்ந்ததேயன்றி உரிமை சேரவில்லை. அறிவுசார் குறைபாடு மிகுந்தோர்க்கு முடிவெடுப்பதிலும் துணை தேவைப்படும். அத்துணையின் வேலை அவர் விருப்பத்தை அறிந்து வெளிப்படுத்துவதே தவிர, அவருக்குப் பதிலாக விரும்புவதன்று.

எனவே ஓர் உதவித் திட்டத்தின் அறத்தை அளக்க, எத்தனை பேருக்கு வழங்கப்பட்டது என்னும் எண்ணிக்கை போதாது. பெற்றவர் அதை மறுக்கவும் மாற்றவும் வல்லவரா, அதை வகுக்கும் இடத்தில் அவருக்கு இருக்கை உண்டா என்று கேட்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளை உள்ளாட்சி அமைப்புகளில் நியமன உறுப்பினராக்கத் தமிழ்நாடு சட்டப்பேரவை 2025-இல் நிறைவேற்றிய சட்டத்திருத்தங்கள் அத்தகைய இருக்கையை அளிக்கின்றன. ஆயினும் நியமனம் என்பது இன்னும் கொடுப்பவர் கையில் உள்ளதே. ஊரார் வாக்களித்து அதே இருக்கைக்கு அவரை அனுப்பும்போதுதான், ஈகையாகத் தொடங்கியது நீதியாக நிறைவுறும்.