மறைந்து நிற்கும் கை

சிவபெருமான் உயிர்கள்மாட்டு எல்லையில்லாப் பேரருளுடையனாயின், அவ்வுயிர்கள் இடறி விழுங்கால் வாளாவிருப்பது என்னை? இவ்வினா பழையது. இதற்கு விடையாக நம் சந்தானாசாரியர்கள் திரோதான சத்தியென்னும் மறைப்பாற்றலைக் கூறுவர். மலத்தோடு உடனின்று அதனைப் பக்குவப்படுத்துதலின் அச்சத்தியும் உபசாரத்தால் மலமெனப்பட்டது; உண்மையில் அஃது அருளேயாம் என்பது சித்தாந்தத் துணிபு. மறைத்தல் அருளாமாறு யாங்ஙனம் என்பார்க்குத் தாய் கைப்பு மருந்தூட்டுதல், தந்தை மகனை ஒறுத்தல் முதலிய உவமைகளை எடுத்துக் காட்டுதல் வழக்கு. இவை ஒறுத்தலை விளக்குமளவு மறைத்தலை விளக்குவனவாகத் தோன்றவில்லை. ஒறுக்குங் கை வெளிப்படத் தெரியுங் கையன்றோ? மறைந்து நிற்குங் கைக்கு உவமை வேண்டின், சிறு விமானமொன்றைத் தரையிலிறக்கப் பழகும் மாணாக்கனையும் அவனோடிருக்கும் ஆசிரியனையும் நோக்குதல் பயன்றரும்.

விமானமென்றவுடன் திருக்கோயில் விமானத்தை நினைக்கும் நம்மனோர்க்கு இவ்வியந்திரச் செய்தி புறம்பானதாகப் படலாம். ஆயினும் சென்னைக்கு இது புதிதன்று. 1910-ஆம் ஆண்டிலேயே டி ஆஞ்சலிஸ் என்பார் இந்நகரில் விமானம் ஓட்டிக் காட்டினார். 1932 அக்டோபரில் கராச்சியினின்று தொடங்கிய டாட்டா வானஞ்சல் சென்னைகாறும் வந்தது. அம்முப்பதுகளிலேயே மெட்ராஸ் பிளையிங் கிளப் மாணாக்கரைப் பயிற்றிக்கொண்டிருந்தது. விமானங்கள் காற்றை எதிர்நோக்கியே இறங்குவன. ஆதலின் மேல்காற்று வீசும் நாட்களில் அவை பெரும்பாலும் மந்தைவெளி, அடையாறு ஆகிய பக்கங்களின் மேலாகத் தாழ்ந்து மீனம்பாக்கத்தை அணுகும். கீழ்காற்று வீசுங்கால் அவை மறுதிசையினின்று இறங்க, மயிலைவாணர் காண்பன எழும் விமானங்களாகவேயிருக்கும்.

இனிப் பயிற்சியின் இயல்பை நோக்குவாம். தொடக்ககாலத்து இந்தியக் கழகங்களில் வழங்கிய 'மாத்' என்னுஞ் சிறுவிமானத்தில் இருக்கைகள் முன்னும் பின்னுமாக அமைந்திருந்தன. ஆசிரியர் முன்னிருப்பார், மாணாக்கன் அவர் முதுகை நோக்கிப் பின்னிருப்பான். அவர் சொல் ஒரு குழாய் வழியாக இவன் செவியை அடையும். இருவர்க்கும் தனித்தனியே செலுத்துகோலும் மிதிகட்டைகளும் உண்டு. அவையோ உள்ளே ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டவை. ஒருவர் அசைக்கின் மற்றவர் கையிலுள்ளதும் உடனசையும். எனவே கோல் அசைந்தது தன் செயலாலோ ஆசிரியர் செயலாலோ என மாணாக்கன் பலகால் அறியமாட்டான். இக்காலத்துச் செஸ்னா விமானங்களில் இருவரும் அருகருகே அமர்கின்றனரேனும் அப்பிணைப்பு மாறிற்றில்லை.

எழுதல் எளிது, இறங்குதலே அரிது. விமானம் ஓடுபாதையை நோக்கிச் சரிந்து வருகின்றது. நிலத்திற்கு 15, 20 அடி உயரத்தில் மாணாக்கன் அச்சரிவை மாற்றி, விசையைக் குறைத்து, மூக்கைச் சிறிதே நிமிர்த்தல் வேண்டும். அப்பொழுது கண் அண்மைத் தரையிற் படியலாகாது; பாதையின் கடைக்கோடியை நோக்கல் வேண்டும். அண்மையை நோக்குவோன் தன் உயரத்தை அறியான். பின்னர்ச் செய்யத்தக்கது யாது? விமானத்தை இறங்கவொட்டாமற் காத்தலே. கோலைச் சிறிது சிறிதாகத் தன்பால் வாங்கிக்கொண்டே, தரையின்மேல் ஓரிரண்டடி உயரத்தில் அதனை நிறுத்திவைக்க முயல்கின்றான். விரைவு குன்றக் குன்ற இறக்கைகள் தாங்கும் ஆற்றலை இழக்கின்றன. முடிவில், இவன் இறக்காமலே அது இறங்குகின்றது. முதன்மைச் சக்கரங்களிரண்டும் மெல்லத் தரையைத் தொட, முன்சக்கரம் பின்னர்த் தாழ்கின்றது.

புதிய மாணாக்கன் இப்பொறுமையை மேற்கொள்வதில்லை. தரை அண்மையில் தோன்றியவுடன் அதனைப் பற்றிக்கொள்ள விழைகின்றான். கோலை முன்தள்ளின் விமானம் தரையில் மோதித் துள்ளும். அஞ்சி வெடுக்கென இழுப்பின் மேலே மிதந்தெழுந்து, விரைவிழந்து பொத்தென விழும். துள்ளியதை அடக்கவெண்ணி மீண்டுந் தள்ளுவானாயின் அடுத்த துள்ளல் முன்னதினும் கொடிது. இவை யாவும் சில நொடிகளில் நிகழ்வன. அத்தகைய வேளையில் செய்யத்தக்கது விசையைக் கூட்டி எழுந்து, ஒரு சுற்றுச் சுற்றி மறுபடியும் வருதலே. அச்சுற்றினை வலம் வருதல் எனச் சொல்லலாம்போலும். ஆனால் பெரும்பாலும் இடப்புறமாகவே திரும்புவராதலின் அச்சொல் பொருந்தாது.

இவ்விடத்தே ஆசிரியர் செய்வது யாது என்பதே நமக்கு வேண்டுவது. மாணாக்கன் பிழைக்குந்தோறும் அவர் கோலைத் தாம் பற்றித் திருத்துவராயின் ஒவ்வோர் இறக்கமும் செவ்விதாக அமையும். மாணாக்கனோ ஒன்றுங் கல்லான். பிழையின் சுவை அவன் கைக்கு எட்டாமற் போம். மற்று, ஒருகாலுந் தொடாதிருப்பராயின் இருவரும் அழிவர். ஆதலின் அவர் தம் கையைத் தொடையின்மேல் வைத்துக் கோலினின்று சிறிதே விலக்கி நிற்கின்றார். இத்துணைத் துள்ளலைப் பொறுக்கலாம், இதற்குமேற் பொறுத்தலாகாது என்னும் எல்லையை நொடிதோறும் அளந்துகொண்டிருக்கின்றார். அவ்வெல்லை எல்லா மாணாக்கர்க்கும் ஒன்றன்று. ஒருவனுக்கே நேற்றும் இன்றும் ஒன்றன்று. வெளியே நின்று நோக்குவார்க்கு அவர் வாளாவிருப்பதாகவே தோன்றும். உண்மையில் அவர் மிக முயன்றுழைக்கும் நேரம் அதுவேயாம். திரோதானத்தை அருளென்றதன் கருத்து இதனான் ஒருவாறு விளங்கும். சத்திநிபாதம் மந்ததரம் முதல் தீவிரதரம் ஈறாக நால்வகைப்படுமென்றதும் உயிரின் பக்குவ வேறுபாடு நோக்கியன்றோ?

அற்றேல், நன்கு இறங்கிய இறக்கம் யாருடையது? என்னுடையதென்று மாணாக்கன் எண்ணிய அளவிலே அடுத்த இறக்கம் கெடுவதைப் பயிற்றுவோர் அடிக்கடி காண்பர். முன் செய்ததை அவ்வாறே திரும்பச் செய்ய முனைகின்றான். காற்றோ அப்போதைக்கு மாறிவிட்டது. ஆசிரியருடையதென்றலும் பொருந்தாது, அவர் கோலைத் தொட்டிலர். காட்டும் உபகாரம், காணும் உபகாரம் எனச் சிவஞான போதப் பதினோராஞ் சூத்திரத்தின்கண் ஆராயப்படும் இரண்டனையும் ஈண்டு நினைவுகூர்தல் தகும். கண்ணுக்கு உயிர் காட்டுவது மட்டுமன்றித் தானும் உடன்காண்கின்றது. அதுபோல உயிர்க்கு இறைவன் அறிவித்தலோடு உடனின்று அறிந்தும் வருகின்றான். ஆசிரியர் பாதையைச் சுட்டுவதோடமையாது அதே பாதையை அதே நொடியில் தாமுங் கண்டுகொண்டிருத்தல் இதற்கு அணுக்கமான நிழலுவமை.

நிழலுவமை என்றது காரணம்பற்றியே. ஒருநாள் ஆசிரியர் கதவைத் திறந்து இறங்கிப்போய்விடுகின்றார். மாணாக்கன் தனியே எழுந்து தனியே இறங்குகின்றான். உவமை அங்கே முறிகின்றது. உயிர் முத்தியினுந் தனித்து நிற்பதன்று. ஆண்டும் அது திருவடிக்கு அடிமையே. தனியே பறப்பவனுடைய கண்ணுக்குள் காணும் உபகாரம் புரிபவன் ஒருபோதும் இறங்கிச் சென்றிலன்.

மற்றுமோர் ஆசங்கை இதனினும் வலிது. விமான ஆசிரியர் சாவு நேருமுன் கோலைப் பற்றிவிடுவார்; இறைவனோ உயிர்கள் உடலழியும்வரையும் வாளாவிருத்தலைக் காண்கின்றேமே எனின், ஆசிரியர்க்கு உடலழிவு எல்லையாயினது அதற்கப்பால் அவர் கற்பித்தற்கு ஒன்றும் எஞ்சாமையான். உயிரோ அழிவின்று, ஆகலின் இறைவனுக்கு அஃது எல்லையாகாது என விடுக்க. இவ்விடை தருக்கத்தில் நிற்கும். ஆயினும் மகவையிழந்து கதறும் தாயின் முன் இதனையெடுத்து ஓதுவோன் சித்தாந்தம் உணர்ந்தவனாகான். மறைப்பும் அருளே என்பது ஒருவன் தன் துன்பத்தை நோக்கித் தானே தேறற்குரிய உண்மை. பிறர் துன்பத்தைக் கண்டு, அவர் வினை பக்குவப்படுகின்றதென்று கைகட்டியிருத்தற்கு அதனை ஏதுவாக்கல் தகாது. மறைந்திருக்கும் ஆசனத்தில் நம்மை ஒருவரும் அமர்த்தினாரிலர். எல்லையை அளக்கும் அறிவும் நமக்கில்லை.

வானோட்டிகளான வெ. சுந்தரம், உஷா சுந்தரம் என்னும் தம்பதியரை ஈண்டுக் கருதலாம். உஷா அம்மையார் பெங்களூர் அரசினர் விமானப் பயிற்சிப் பள்ளியில் 1949-இல் தேறியவர். இலண்டனினின்று பம்பாய்க்கு ஒரு சிறு விமானத்தை இருவருஞ் சேர்ந்து 27 மணி நேரத்தில் ஓட்டிக் கொணர்ந்தனர். கோலைத் தொடாதிருத்தலின் அருமையை இத்தகையோரினும் நன்கறிந்தார் யாவர்? அவர்களே 1959-இல் இச்சென்னையில், தெருவிற் கிடந்து வருந்தும் நாய் முதலிய வாயில்லாவுயிர்களைக் கையாலெடுத்துப் பேணுதற்குப் புளூ கிராஸ் என்னும் அமைப்பைத் தொடங்கினர். அதன் காப்பகம் இன்றும் வேளச்சேரியில் நடந்துவருகின்றது.