ஆறும் நெறியும்

‘ஆறு’ என்னும் சொல் தமிழில் ஓடும் நதியையும் குறிக்கும். நடக்கும் வழியையும் குறிக்கும். சீனப் பேரறிஞர் லாவோ ட்சுவின் ‘தாவோ’ என்னும் சொல்லுக்கு இதனினும் பொருத்தமான தமிழ் கிடைத்தல் அரிது. தாவோ என்றால் வழி. அவர் பெயரால் வழங்கும் 81 இயல் கொண்ட நூல் நீரையே அவ்வழிக்குச் சான்றாகக் காட்டுகிறது. நீர் எவரோடும் போட்டியிடுவதில்லை, தாழ்ந்த இடத்தையே நாடுகிறது, அனைத்தையும் வளர்க்கிறது.

தொல்காப்பியப் பாயிரம் தமிழகத்தின் வடவெல்லையாகக் கூறும் வேங்கடமே திருமலை. பிழைப்பின்பொருட்டு எல்லை கடந்து வாழும் நாம், கடிகாரமும் கோப்பும் சம்பள நாளுமாகக் காலம் கழிக்கிறோம். நமக்கு இயற்கையோடு இயைந்த வாழ்வு இயலுமா? அதற்காகக் கடமையைத் துறத்தல் வேண்டுமா?

திருமலைக் கோயிலின் நாள்முறை இதற்கு விடை பகரும். வைகறையில் சுப்ரபாதம், இரவு ஏகாந்த சேவையில் அன்னமாச்சாரியார் மரபின் தாலாட்டு. மார்கழி பிறந்தால் சுப்ரபாதம் ஒதுங்க, ஆண்டாளின் திருப்பாவை துயிலெழுப்புகிறது. ஒழுங்கு மாறுவதில்லை, பருவத்துக்கேற்பப் பாட்டு மாறுகிறது. வடமொழியும் தெலுங்கும் தமிழும் தத்தம் பொழுதில் இடம் பெறுகின்றன. ஆகவே, ஒழுங்கு இயற்கைக்குப் பகையன்று. ஞாயிறும் திங்களும் தத்தம் முறை தவறுவதுண்டோ?

ஆயினும் அங்கே ஓர் எச்சரிக்கையும் உண்டு. கூட்டம் மிகுந்த நாட்களில் ஏகாந்த சேவை நள்ளிரவு கடந்தே நிகழ்கிறது. சுப்ரபாதமோ விடியுமுன்பே தொடங்கிவிடுகிறது. திருமாலின் துயிலும் சுருங்கிற்று! நம் இல்லங்களின் நிலையும் இதுவே. அலுவல், பள்ளி, தனிப்பயிற்சி என ஒவ்வொரு நாழிகையும் நிரம்பிவிடுகிறது. முப்பது ஆரக்கால்கள் கூடினும், நடுவிலுள்ள குடத்தின் வெற்றிடமே சக்கரத்தைச் சுழலச் செய்கிறது என்பது லாவோ ட்சுவின் கருத்து. வெற்றிடமற்ற நாள் சுழலாது, தேயும்.

‘வூ வெய்’ என்னும் தாவோ நெறியைச் செயலின்மை என்பர். சோம்பல் எனக் கொள்வது பொருந்தாது. பொருளின் இயல்புக்கு மாறாக வலிந்து செய்யாமையே அது. 2021 நவம்பர்ப் பெருமழையில் ஸ்ரீவாரி மெட்டு நடைபாதை சிதைந்தது. 2022 மே மாதத்தில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. நீருக்கு வழிவிடாத வழி நிலைக்காது என்பதை அது உணர்த்திற்று.

அநீதிக்குப் பணிந்து போவதும் இயைதல்தானோ என வினவலாம். அன்று. மென்மையான நீரே வன்பாறையை வெல்லும் என்பதும் அந்நூலின் கருத்தே. மேலிடம் தவறான குறிப்பெழுதச் சொல்லின், ஆரவாரமின்றி மறுத்து உண்மையை மட்டும் எழுதும் எழுத்தரும் அந்நெறியினரே.

பொழுதைப் பெரும்பொழுது, சிறுபொழுது எனப் பகுத்து நிலத்தோடு இணைத்தவர் நம் முன்னோர். வைகறையில் எழுவோம். பருவம் தரும் காய்கனிகளை உண்போம். கூரையில் விழும் மழைநீரைச் சேமிப்போம். நாள்தோறும் ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடம், எதற்கும் ஒதுக்காமல் விடுவோம். அந்த ஒரு நாழிகையில் நம் பிள்ளைகள் வானத்தைப் பார்க்கட்டும்; நாமும் உடனிருந்து பார்ப்போம்.