தட்டுகிறவனும் பார்க்கிறவனும்

நம் வீட்டு வாசலில் வந்து நிற்கிற ஒருவனுக்கு நம்மிடம் ஏதாவது பாத்தியதை உண்டா? சோறு, தண்ணீர், பணம் இவற்றைச் சொல்லவில்லை. அவை தர்மக் கணக்கைச் சேர்ந்தவை. கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம். நான் கேட்பது அதற்கு முந்தியது. உள்ளே ஆள் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ளும் உரிமையாவது தட்டுகிறவனுக்கு இருக்கிறதா? தன்னை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால் அது தனக்குத் தெரிய வேண்டும் என்று அவன் கேட்கலாமா? வீடியோ டோர்போன், அதற்குப் பின் வந்த ஸ்மார்ட் அழைப்புமணி ஆகியவற்றின் ஐம்பது அறுபது வருஷ சரித்திரத்தைப் பார்த்துக்கொண்டு போகையில் இந்தக் கேள்விதான் திரும்பத் திரும்பக் குறுக்கே வந்தது. பாதுகாப்பு, சௌகரியம் என்ற இரண்டு வார்த்தைகளோடு இச்சாதனங்களைப் பற்றிய பேச்சு முடிந்துவிடுகிறது. ஒரு தார்மீகப் பிரச்னை ஸ்தூல வடிவம் எடுத்து நிலைவாசலில் ஆணியடித்து மாட்டப்பட்டிருப்பது யார் பிரக்ஞையிலும் படுவதாகத் தெரியவில்லை.

1823-ல் டி க்வின்ஸி எழுதிய சிறு கட்டுரை ஒன்று உண்டு. ஆங்கில இலக்கியத்தைப் பாடமாகப் படித்தவர்கள் அதனிடமிருந்து தப்பியிருக்க முடியாது. மாக்பெத்தில் டங்கன் கொலையுண்ட பின் கோட்டைக் கதவு தட்டப்படுகிறதே, அந்த ஓசை தன்னை ஏன் அப்படி உலுக்குகிறது என்று கேட்டுக்கொண்டு அவர் விடை தேடுகிறார். கொலையின் நேரத்தில் கொலைகாரர்களின் உலகம் மற்ற மனித உலகத்திலிருந்து துண்டிக்கப்பட்டுவிடுகிறது, காலமே நின்றுபோகிறது. கதவு தட்டப்படும்போதுதான் சாதாரண வாழ்க்கை மறுபடி துடிக்கத் தொடங்குகிறது. அதுவரை நடந்ததன் பயங்கரம் அப்போதுதான் உறைக்கிறது. இது அவர் கண்ட விடை. ஷேக்ஸ்பியர் விமர்சனமாக இதற்கு என்ன மதிப்பு என்பது வேறு விவகாரம். ஆனால் தட்டல் என்ற செயலின் உள்ளர்த்தத்தை இவ்வளவு கிட்டத்தில் போய்த் தொட்டவர் வேறு யாரும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. உள்ளே நான் எனக்கென்று கட்டிக்கொண்டிருக்கும் உலகம், நல்லதோ கெட்டதோ, அத்தோடு முடிந்துவிடவில்லை என்று வெளியிலிருந்து ஒரு கை வந்து சொல்கிறது. யாருடைய கை என்று தெரியாததில்தான் அதன் பலம் இருக்கிறது.

கைக்குப் பதில் மணி வந்தது. 1831-ல் அமெரிக்காவின் ஆல்பனி நகரில் ஜோசப் ஹென்றி ஒரு மைல் நீளக் கம்பியின் கோடியில் மின்காந்தத்தைக் கொண்டு மணி அடித்துக் காட்டினார். மின்சார அழைப்புமணியின் வம்சாவளியை அங்கிருந்து தொடங்குவது வழக்கம். தட்டுகிறவனின் அவசரம், தயக்கம், கோபம் எல்லாம் அந்த ஒரே சீரான சத்தத்தில் கரைந்துபோயின. அது சின்ன நஷ்டம்தான். மணி அடித்தாலும் எழுந்து போய்த் திறக்க வேண்டியிருந்தது.

கண் வந்தபோதுதான் விஷயம் மாறுகிறது. அந்தக் கண்ணைக் கண்டுபிடித்தவர் ஒரு நர்ஸ். நியூயார்க் நகரில் க்வீன்ஸ் பகுதியில் வாழ்ந்த கறுப்பினப் பெண்மணி மேரி வான் பிரிட்டன் பிரௌன். அவர் கணவர் ஆல்பர்ட் எலெக்ட்ரானிக்ஸ் வேலை தெரிந்தவர். இருவருக்கும் நேரங்கெட்ட நேரத்தில் வேலை. மேரி பல இரவுகள் வீட்டில் தனியாக இருக்க வேண்டியிருந்தது. பேட்டையில் குற்றங்கள் அதிகம். கூப்பிட்டால் போலீஸ் வந்து சேர நேரமாகும். 1966 ஆகஸ்டில் இருவரும் சேர்ந்து விண்ணப்பித்து 1969 டிசம்பர் 2-ந் தேதி காப்புரிமை வாங்கினார்கள். கதவில் ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு துவாரங்கள். அவற்றுக்குப் பின்னால் மேலும் கீழும் நகரும் ஒரு கேமரா. படுக்கையறையில் ஒரு டெலிவிஷன் பெட்டி. வெளியே நிற்பவரோடு பேச ஒலிவாங்கி. ஒரு பொத்தானை அழுத்தினால் இருந்த இடத்திலிருந்தே கதவைத் திறக்கலாம். இன்னொன்றை அழுத்தினால் உதவிக்கு அபாய அறிவிப்புப் போகும்.

இந்தச் சாதனத்தின் இரண்டு அம்சங்கள் என்னை நிறுத்திவைக்கின்றன. துவாரங்கள் ஏன் நான்கு? வருகிறவர் நெட்டையாக இருக்கலாம், குட்டையாக இருக்கலாம், குழந்தையாகவும் இருக்கலாம் என்பதற்காக. பயத்திலிருந்து பிறந்த யந்திரம்தான். ஆனால் நள்ளிரவில் தன் கதவைத் தட்டுவது ஒரு குழந்தையாக இருக்கக்கூடும் என்று அது யோசித்திருக்கிறது. மற்றது அந்தத் திறக்கும் பொத்தான். மேரி பிரௌனின் பார்வை ஒரு தீர்மானத்துக்கு முந்திய பார்வை. பார்த்த பிறகு திறந்தாக வேண்டும், அல்லது உதவிக்குக் கூப்பிட்டாக வேண்டும். பார்த்துக்கொண்டே இருந்துவிடுவதற்காக ஏற்பட்டதல்ல அது.

இந்த இடத்தில் நம்மவர்கள் திண்ணையைக் கொண்டுவந்து போட்டுவிடுவார்கள். வழிப்போக்கன் படுத்துறங்கிவிட்டுப் போகும் திண்ணை வைத்துக் கட்டிய ஜாதி நாம், வெள்ளைக்காரன்தான் கதவில் துவாரம் போட்டுப் பார்க்கிறான் என்கிற மாதிரியான பேச்சு. எந்த வழிப்போக்கன் என்று கேட்டால் பதில் வராது. அந்தத் திண்ணையில் உட்காரக்கூடாதவர்கள் இருந்தார்கள். அது இருந்த தெருவுக்குள்ளேயே வரக்கூடாதவர்கள் இருந்தார்கள். கேமரா இல்லாமலே அன்று ஒவ்வொரு முகமும் தெருக்கோடியில் அடையாளம் காணப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்டது. தவிர, விருந்தோம்பலின் மகிமையைப் பேசுகிறவன் அநேகமாகக் கூடத்தில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் ஆண். ராத்திரி இரண்டு மணிக்குத் தனியாக இருக்கும் பெண்ணிடம் போய், முகம் தெரியாதவனுக்கும் கதவைத் திற, அதுதான் தர்மம் என்று சொல்லும் தகுதி அவனுக்கு இல்லை. திறப்பதற்கு முன் பார்க்கும் உரிமை பயந்தவருக்கு உண்டு. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

என் சந்தேகம் அடுத்த கட்டத்தில் ஆரம்பிக்கிறது. ஸ்மார்ட் அழைப்புமணியைப் பிரபலமாக்கிய ஜேமி ஸிமினாஃப் தன் வீட்டு காரேஜில் வேலை செய்துகொண்டிருப்பார். மணியடித்தால் அங்கே கேட்காது. பார்சல்காரர்கள் திரும்பிப் போய்விடுவார்கள். டோர்பாட் என்ற பெயரில் அவர் செய்த சாதனத்தை 2013-ல் ஒரு அமெரிக்க டெலிவிஷன் நிகழ்ச்சியில் முதலீட்டாளர்கள் முன் வைத்தார், பேரம் படியவில்லை. அதுவே ரிங் என்று பெயர் மாறி, 2018-ல் அமேசான் கைக்குப் போயிற்று. மூலக்கதையிலேயே வித்தியாசம் தெரிகிறது. ஒருத்தி பயத்தினால் செய்தாள். இன்னொருவர் பார்சல் தவறிப்போனதால் செய்தார். வாசலில் எதிர்பார்க்கப்படுவது இப்போது மனிதனே அல்ல, பொருள். அதைக் கொண்டுவருகிறவன், அதைத் திருடக்கூடியவன் என்ற இரண்டு வகையில்தான் மனிதன் வருகிறான். பார்சலை விற்கிற நிறுவனமே அது திருடுபோகும் என்ற பயத்துக்கான கண்ணையும் விற்கிறது என்பதை நான் சதி என்று சொல்லமாட்டேன்; வியாபாரம் அப்படித்தான் நடக்கும்.

1943-ல் வந்த தன் பெரிய தத்துவ நூலில் ஸார்த்ர் ஒரு காட்சியை வைக்கிறார். பொறாமையாலோ ஆவலாலோ உந்தப்பட்டு ஒருவன் சாவித்துவாரத்தில் கண்ணை வைத்து உள்ளே பார்த்துக்கொண்டிருக்கிறான். அவனுக்குத் தன் ஸ்மரணையே இல்லை. அவன் முழுக்கப் பார்வையாகவே இருக்கிறான். திடீரென்று பின்னால் நடையில் காலடி ஓசை. அந்தக் கணத்தில், ஒளிந்து பார்க்கிறவன் தான் என்பதை இன்னொருவர் கண் வழியாக அவன் அறிகிறான். வெட்கம் என்பதை ஸார்த்ர் அங்கே கண்டுபிடிக்கிறார். காலடி பிரமையாக இருந்தாலும் வெட்கம் பொய்யாகிவிடுவதில்லை என்கிறார்.

அழைப்புமணியின் கண் இந்தக் காட்சியைத் தலைகீழாக்கியிருக்கிறது. பார்க்கிறவன் கதவுக்குப் பின்னால் இல்லை. ஆபீஸிலோ, வேறு ஊரிலோ, ரயிலிலோ இருக்கிறான். அவனுக்குப் பின்னால் நடை கிடையாது. கதவுக்கு அப்பால் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிற அந்த அசட்டுத்தனம், கால் பலகையில் பட்டுச் சத்தம் கேட்டுவிடுமோ என்ற அச்சம், எதுவும் இல்லை. கடன்காரன் வந்தால் அப்பா இல்லை என்று சொல்லச் சொன்னதாகக் குழந்தை போய்ச் சொல்லிவிடுகிற பழைய வேடிக்கை நமக்கெல்லாம் தெரியும். அந்தப் பொய்யில் மாட்டிக்கொள்ளும் அபாயம் இருந்தது. பொய் சொன்னவன் பக்கத்து அறையில் உடம்போடு இருந்தான். வெளியே நிற்பவனுக்கு அந்த அளவுக்கு அவன் கட்டுப்பட்டிருந்தான். இன்று வீட்டில் இல்லாதவன் குளித்துக்கொண்டிருக்கிறேன் என்று அழைப்புமணியின் வழியே சொல்லலாம்; வீட்டில் இருப்பவன் ஒன்றுமே சொல்லாமல் ஆற அமரப் பார்த்துக்கொண்டிருக்கலாம். காட்டிக்கொடுக்கக் குழந்தை கிடையாது.

ஆனால் காலடிகள் உண்மையிலேயே இல்லையா என்றால், இருக்கின்றன, கேட்காது, அவ்வளவுதான். ரிங் நிறுவனத்தின் மேல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2023-ல் தொடுத்த வழக்கு 58 லட்சம் டாலரில் சமரசமாயிற்று. ஊழியர்களும் ஒப்பந்தக்காரர்களும் வாடிக்கையாளர்களின் படங்களைப் பார்க்க முடிகிற நிலை இருந்தது என்பது குற்றச்சாட்டு. ஒரு ஊழியர் பெண்கள் தங்கள் அறைகளில் வைத்திருந்த கேமராக்களின் பதிவுகளை மாதக்கணக்கில் பார்த்திருக்கிறார் என்றும் அதில் இருந்தது. 2022-ல் அந்த வருஷம் அதுவரை 11 தடவை, வீட்டுக்காரரின் சம்மதம் இல்லாமலே அவசரம் என்ற காரணத்தில் போலீஸுக்குப் படங்கள் கொடுத்ததாக அமேசானே ஒரு செனட்டருக்கு எழுதிய கடிதத்தில் சொல்லியிருக்கிறது. போலீஸ் நேராக வீட்டுக்காரர்களிடம் படம் கேட்கும் ஏற்பாட்டை 2024 ஜனவரியில் நிறுத்துவதாக அறிவித்தார்கள். அடுத்த வருஷமே போலீஸ் உபகரணங்கள் செய்யும் ஆக்ஸான் வழியாக அது வேறு உருவில் திரும்பி வந்தது. சாவித்துவாரத்தில் குனிந்திருப்பவனின் முதுகுக்குப் பின்னால் ஒரு கூட்டமே நிற்கிறது. அவனுக்கு மட்டும் வெட்கம் வருவதில்லை.

நான் பாங்கில் குமாஸ்தா. காலை பத்து மணியிலிருந்து என் தலைக்கு மேல் ஒரு கேமரா இருக்கிறது. திருடனைவிட அதிகமாக அது பார்ப்பது நோட்டு எண்ணும் என் விரல்களைத்தான். அதனால் எனக்குப் பெரிய மனக்குறை எதுவும் இல்லை. அது அங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று நிர்வாகத்துக்கும் தெரியும். பார்க்கப்படுவதற்கு நான் சம்பளம் வாங்குகிறேன் என்றுகூடச் சொல்லலாம். தெருவில் நடந்து போகிறவன் யாரிடம் சம்பளம் வாங்குகிறான்? அவன் மணியைத் தொடவும் இல்லை. வாசலைக் கடந்து போனான், அவ்வளவுதான். 'அசைவு தென்பட்டது' என்று எங்கோ ஒரு ஃபோனில் செய்தி வருகிறது.

தெருவில் போகிறவனை ஜன்னலிலிருந்து யாரும் பார்க்கலாமே, இதில் என்ன புதுசு என்று கேட்கலாம். எல்லாத் தெருவிலும் ஜன்னலோரக் கிழவி ஒருத்தி உண்டு. அவள் பார்க்கிறாள் என்று தெருவுக்குத் தெரியும். அவளைப் பார்த்துச் சிரிக்கலாம், முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம், என்ன பாட்டி என்று கேட்கலாம். முக்கியமாக, அவள் மறந்துபோவாள். 2018-ல் வந்த நெஸ்ட் ஹலோ அழைப்புமணி முகங்களை நினைவில் வைத்துப் பெயர் சொல்லத் தொடங்கியது; 2025-ல் ரிங்கும் 'பழகிய முகங்கள்' என்று அதையே அமெரிக்காவில் கொண்டுவந்தது. வந்திருப்பது யார் என்று மணியே சொல்லிவிடுகிறது. டி க்வின்ஸி கேட்ட அந்த ஓசை இனி அந்த வீட்டில் கேட்க வழியில்லை.

2021-ல் ஆக்ஸ்ஃபோர்டு கவுண்டி நீதிமன்றத்தில் இப்படிப்பட்ட கேமராக்கள் வைத்திருந்த ஒருவர்மேல் அண்டை வீட்டுக்காரர் தொடுத்த வழக்கில் தீர்ப்பு வாதிக்குச் சாதகமாக வந்தது. அதில் எனக்கு முக்கியமாகப் படுவது, நீதிபதி படத்தைவிட ஒலிப்பதிவைக் கடுமையாக எடுத்துக்கொண்டதுதான். அந்தச் சாதனங்கள் பேச்சை நெடுந்தூரத்திலிருந்து இழுத்துக்கொள்ளக்கூடியவை; கேமராவின் கண்ணில் படாத இடத்தில் நிற்பவரின் பேச்சும் அகப்பட்டுவிடும். திருட்டைத் தடுப்பதற்கு அது தேவையில்லை என்பது தீர்ப்பின் சாரம். எது தேவை, எது அதற்கு மேல் என்ற இந்தக் கணக்கைச் சட்டம் போடத் தொடங்கியிருக்கிறது. மேரி பிரௌனின் பயத்துக்கு எவ்வளவு பார்வை தேவையோ அவ்வளவு அவருடைய உரிமை; அதற்கு மேல் உள்ளது, வைத்துக்கொள்வதும் பகிர்ந்துகொள்வதும் ஒளிந்துகொள்வதும், வேறு ஒரு ஆசையைச் சேர்ந்தது. அதற்குப் பயம் என்று பெயர் சூட்டிக் கொண்டாடுவது மேரிக்குச் செய்யும் அவமரியாதை.

பார்சல் கொண்டுவரும் பையனுக்கு இது எல்லாம் தெரிந்திருக்கிறது. அவன் மணியை அழுத்திவிட்டுத் திறப்பதற்காகக் காத்திருப்பதில்லை. பெட்டியை வாசற்படியில் வைக்கிறான். கதவும் பெட்டியும் சேர்ந்து விழும்படி இரண்டடி பின்னால் நகர்ந்து, தன் ஃபோனில் ஒரு படம் எடுத்துக்கொள்கிறான். கொடுத்துவிட்டேன் என்பதற்கு அவனுக்கும் அத்தாட்சி வேண்டும். அவன் படம் எடுப்பதைக் கதவிலிருக்கும் கண் படம் எடுக்கிறது. பிறகு அவன் அடுத்த வீட்டுக்குப் போகிறான்.