இறந்தவரின் இருக்கையில்

மாண்டவர் நினைவாகக் கல்லூரிகளில் நிறுவப்படும் உதவித்தொகைகளுள் பல, காலப்போக்கில் வெறும் பெயராகத் தேய்ந்துவிடுகின்றன. ஆண்டு விழாவில் அப்பெயர் வாசிக்கப்படும். மாணவன் மேடையேறி உறையைப் பெற்றுக்கொண்டு இறங்குவான். பெயருக்குரியவர் யார் என்று அவன் கேட்பதுமில்லை. அவனுக்கு எவரும் சொல்வதுமில்லை. மாணவனைக் குறைகூறி என்ன பயன்? ஆயினும் ஒரு கேள்வி எஞ்சவே செய்கிறது: யாருடைய நினைவாகப் பணம் தரப்படுகிறதோ, அவருக்கு அவன் ஏதேனும் கடன்பட்டிருக்கிறானா?

இக்கேள்வியைத் தட்டிக்கழிக்காத கல்விக்கூடம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்திலுள்ள சிரக்கியூஸ் பல்கலைக்கழகமே அது. 1988 டிசம்பர் 21 அன்று, இலண்டனிலிருந்து நியூயார்க்குக்குப் புறப்பட்ட பான் ஆம் 103 விமானம், ஸ்காட்லாந்தின் லாக்கர்பி என்னும் சிற்றூருக்கு மேலே வெடிகுண்டால் தகர்க்கப்பட்டது. விமானத்திலிருந்த 259 பேரும், தரையில் 11 பேரும் மாண்டனர். அவர்களுள் 35 பேர், அப்பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டுக் கல்வித் திட்டத்தில் பயின்றுவிட்டுக் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு வீடு திரும்பிக்கொண்டிருந்த மாணவர்கள். அந்த 35 பேரில் இருவர் இரட்டைச் சகோதரர்கள்.

பல்கலைக்கழகம் நினைவிடம் ஒன்றை எழுப்பியது. கல்லோடு நின்றுவிடாமல், ஆண்டுதோறும் இறுதியாண்டு மாணவர் 35 பேருக்கு நினைவு உதவித்தொகையும் வழங்கி வருகிறது. ஒவ்வொரு மாணவரும் இறந்தவருள் ஒருவரின் சார்பாக நிற்கிறார். குடும்பத்தினர் அளித்த கடிதங்களும் உடைமைகளும் பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அவற்றின் வழியே அந்த ஒருவரை அவர் அறிந்துகொள்ள முயல்கிறார். நினைவு வாரத்தில் புல்வெளியில் 35 நாற்காலிகள், விமானத்தில் அம்மாணவர்கள் அமர்ந்திருந்த வரிசைப்படியே இடப்படுகின்றன. உதவித்தொகை பெற்றோர் அவற்றில் மௌனமாக அமர்கின்றனர்.

இரட்டையருக்குத் தனித்தனியே இரண்டு இடங்கள் ஒதுக்கப்பட்டிருப்பது என் மனத்தை மிகவும் தொட்டது. உடன்பிறந்தோர் சேர்ந்து மாண்டால், இருவர் பெயரையும் ஒரே பலகையில் பொறித்து, ஒரே தொகையை ஒதுக்குவதே நம் வழக்கம். அது அன்பினால் செய்வதுதான். ஆனால் பெற்ற தாய் இருவரையும் ஒருவராக எண்ணி அழுவாளா? மூத்தவனின் குறும்பு வேறு, இளையவனின் மௌனம் வேறு என்பதை அவளன்றோ அறிவாள்! சிரக்கியூஸில் ஆண்டுதோறும் முன்பின் உறவில்லாத இருவர், அவ்விரட்டையருக்காக இரண்டு நாற்காலிகளில் அமர்கின்றனர். ஓராண்டுக் காலம் அவ்விருவரும் ஒருவகையில் உடன்பிறப்புகள் ஆகிவிடுகிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இருபது வயது இளைஞர்மீது அயலார் துயரத்தைச் சுமத்துவது முறையா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இன்று அங்கே பயில்வோர் 1988-க்கு நெடுங்காலம் பின்னரே பிறந்தவர்கள். எனினும் அவர்களிடம் எவரும் கண்ணீரைக் கேட்கவில்லை. துயரம் குடும்பத்துக்குரியது, அதை இரவல் வாங்கினால் போலியாகிவிடும். அறிதல் என்பதோ எவருக்கும் இயலும். முகம் அறியாத ஒருவர் என்ன எழுதினார், எதைக் கண்டு சிரித்தார் என்று தேடிப் படிப்பதே போதுமான கடனிறுத்தல் என்பது என் கருத்து. இறந்தவரின் வாழ்வை அவருக்குப் பதிலாக எவராலும் வாழ்ந்துவிட முடியாது. அப்படி எதிர்பார்ப்பது கொடுமையும் ஆகும்.

1985 ஜூன் 23 அன்று வெடிகுண்டுக்கு இரையான ஏர் இந்தியா 182 விமானத்தில் 329 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் இந்திய வம்சாவளியினர்.

தரையில் மாண்ட 11 பேரையும் பல்கலைக்கழகம் மறக்கவில்லை. லாக்கர்பி பள்ளியிலிருந்து ஆண்டுக்கு இருவர் சிரக்கியூஸுக்கு வந்து ஓராண்டு பயிலும் உதவித்தொகை 1990-இல் தொடங்கியது. அவர்களும் அந்த 35 பேரோடு சேர்ந்தே நினைவு வாரத்தில் பங்கேற்கின்றனர். ஆண்டு முடிந்ததும் ஸ்காட்லாந்துக்குத் திரும்பிச் செல்கின்றனர்.