எவர் பெயரை எழுதுவது?

மனிதர் ஒவ்வொருவர் உள்ளத்திலும் ஒருவர் தலைவராக வீற்றிருக்கிறார். சிறுவனுக்குக் கிரிக்கெட் வீரர். இளைஞனுக்குத் திரைப்பட நடிகர். குடும்பத்தலைவருக்கு வெளிநாடு சென்று பொருள் தேடிய உறவினர். எவரைக் கண்டு வியக்கிறோமோ அவரைப் போல் ஆகவே மனம் விரும்பும். ஆதலால் ஒருவர் யாரைப் போற்றுகிறார் என்று அறிந்தால், அவர் எதற்கு ஏங்குகிறார் என்பதையும் அறிந்துவிடலாம்.

திங்களூரிலே வாழ்ந்த அப்பூதியடிகள் திருநாவுக்கரசு நாயனாரைத் தம் தலைவராகக் கொண்டார். அவரை இவர் கண்டதில்லை. அவர் பெருமையைக் கேட்டிருந்தார், அவ்வளவே. மூத்த மகன் மூத்த திருநாவுக்கரசு, இளையவன் இளைய திருநாவுக்கரசு. வீட்டுப் பசுக்களுக்கும், அளக்கும் படிக்கும், வழிப்போக்கருக்கு வைத்த தண்ணீர்ப்பந்தலுக்கும் அதே பெயர்.

ஒருநாள் அவ்வழியே வந்த நாவுக்கரசர் பந்தலைக் கண்டார். “உம்முடைய பெயரை எழுதாது வேறொருவர் பெயரை எழுதியது ஏன்?” என்று கேட்டார். வந்தவர் யாரென்று அறியாத அப்பூதியார், அப்பெருமானை அறியாத நீர் யார் என்று சினந்தார். நாவுக்கரசரோ தம் பெயரைச் சொல்லவில்லை. பிற சமயத்திலிருந்து சூலைநோயால் இறைவன் ஆட்கொண்ட சிறியேன் என்றே சொன்னார். அடியவர் தம் தலைவரைக் காட்டினார். அத்தலைவரோ இறைவனைக் காட்டினார்.

அந்தப் பற்று வெறும் பெயரளவில் நின்றதா? அன்று நாயனாருக்கு அமுது படைக்க வாழைக்குருத்து அரியச் சென்ற மூத்த மகனைப் பாம்பு தீண்டியது. அமுது தாமதமாகக் கூடாதென்று இலையைத் தாயிடம் கொடுத்த பின்பே அவன் விழுந்தான். பெற்றோர் துயரை மறைத்து விருந்தினரை உண்ண அழைத்தனர். நாயனார் உண்மையறிந்து, திருப்பதிகம் பாடிப் பிள்ளையை எழுப்பினார். மகன் பிழைத்த பின்னும், நாயனார் அமுது செய்யாதிருப்பதை எண்ணியே பெற்றோர் வருந்தினர். யார் பெயரைச் சூட்டினார்களோ, அவருடைய தொண்டுள்ளம் பிள்ளைக்கும் வந்திருந்தது.

நமது கொழும்பும் இத்தகைய ஒன்றைக் கண்டது. 1893இல் சிக்காகோ சர்வமத மகாசபையில் புகழ்பெற்ற சுவாமி விவேகானந்தர், 1897 ஜனவரி 15ஆம் நாள் கொழும்பில் வந்திறங்கினார். மக்கள் திரண்டு வரவேற்றனர். அவ்வளவு புகழ் பெற்றவர், அதே ஆண்டு மே மாதம் கல்கத்தாவில் ஒரு தொண்டு நிறுவனம் தொடங்கியபோது எந்தப் பெயரை வைத்தார்? தமது பெயரை அன்று, தம் குருவின் பெயரை வைத்தார். வெள்ளவத்தையிலே விளங்கும் இராமகிருஷ்ண மிஷன் தாங்கி நிற்பது அந்தப் பெயரையே. அம்மரபிலே துறவு பூண்ட காரைதீவு மயில்வாகனனார், சுவாமி விபுலானந்தராகி, மட்டக்களப்பில் பாடசாலை அமைத்தபோது, தமக்குத் துறவு அளித்த சிவானந்தரின் பெயரையே அதற்குச் சூட்டினார்.

இனி நமது கோவிலைச் சற்றுச் சுற்றிப் பார்ப்போம். கொட்டாஞ்சேனையானாலும் வெள்ளவத்தையானாலும், மின்குமிழிலும் மணியிலும் உபயகாரர் பெயர் காணப்படுகிறது. மின்குமிழின் வெளிச்சத்தை எழுத்து மறைப்பதும் உண்டு. கொடை நல்லதே, திருப்பணிக்குப் பொருள் வேண்டும். பெற்றோர் நினைவாகப் பெயர் பொறிப்பதும் பிழையன்று. ஆயினும் பெயர் எழுதப்படாவிட்டால் அந்த உபயத்தைச் செய்திருப்போமா என்று ஒவ்வொருவரும் தம் நெஞ்சைக் கேட்க வேண்டும். இல்லை என்று நெஞ்சு சொன்னால், அங்கே தலைவராக வீற்றிருப்பவர் வேறு யாருமல்லர், நாமேதான்.

பிள்ளைகள் நடிகரையும் வீரரையும் போற்றுகிறார்கள் என்று கடிந்து பயனில்லை. வீட்டிலே பெரியோர் யாரைப் புகழ்ந்து பேசுகிறார்களோ அவரையே பிள்ளைகளும் பெரியவராகக் கொள்வர். இரவு உணவு வேளையில் காணி, கார், விசா பற்றியே பேச்சு நடந்தால், குருபூசை நாளில் மட்டும் நாயன்மாரைக் காட்டுவதால் என்ன பயன்? சித்திரைச் சதயத்தில் அப்பரையும், தைச் சதயத்தில் அப்பூதியாரையும் நினைக்கும்போது, அவர் பெயரால் தாகத்தோடு வருபவருக்கு ஒரு குவளை தண்ணீராவது பிள்ளையின் கையால் கொடுப்பிப்போம்.

நல்லோரைத் தலைவராகக் கொள்ளும் உள்ளத்தையும், அவர் வழி நடக்கும் உறுதியையும் எல்லாம்வல்ல சிவபெருமான் அடியார் அனைவர்க்கும் அருள்வாராக.