கேள்வி நம்மை நோக்கி வரும்போது

1882-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம். கல்கத்தாவுக்கு வடக்கே கங்கைக்கரையில் உள்ள தட்சிணேசுவரக் கோயிலுக்கு 27 வயது இளைஞர் ஒருவர் வந்தார். அவர் பெயர் மகேந்திரநாத் குப்தர். ஆங்கிலக் கல்வியில் தேர்ந்தவர், பள்ளித் தலைமையாசிரியர். குடும்பப் பூசல்களால் மனம் நொந்து, வாழ்வே வேண்டாம் என்ற நிலையில் வீட்டைவிட்டு வெளியேறியிருந்தார். அங்கே அவர் ஸ்ரீராமகிருஷ்ணரைக் கண்டார்.

அவர் இரண்டாம் முறை வந்தபோது நடந்த உரையாடல் அன்பர்கள் பலர் அறிந்ததே. அவருடைய மனைவி எப்படிப்பட்டவர் என்று குருதேவர் வினவினார். நல்லவள்தான், ஆனால் அறிவில்லாதவள் என்றார் ஆசிரியர். அப்படியானால் நீர் மட்டும் ஞானியோ என்று குருதேவர் கடுமையாகத் திருப்பிக் கேட்டார். நூல்களைப் படிப்பதும் பட்டம் பெறுவதுமே ஞானம் என்று அதுவரை எண்ணியிருந்தவரின் அகந்தை மீது விழுந்த அடி அது. சற்று நேரத்தில் மண் உருவ வழிபாடு பற்றிய பேச்சு வந்தது. உருவத்தை வணங்குவோருக்கு உண்மையை எடுத்துச் சொல்ல வேண்டாமா என்று அவர் வாதிட்டார். அதற்கும் அடி விழுந்தது. பிறருக்குப் போதிக்குமுன் தனக்கு விளங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா?

இந்த நிகழ்ச்சியை நாம் எவ்வாறு அறிந்தோம்? அவமானப்பட்டவரே எழுதி வைத்ததால்தான் அறிந்தோம். வேறு எவரும் அதைப் பதிவு செய்யவில்லை. அவர் விரும்பியிருந்தால் விட்டுவிட்டிருக்கலாம். தமக்குச் சாதகமாகச் சற்றே மாற்றியும் இருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. ‘ஸ்ரீஸ்ரீராமகிருஷ்ண கதாமிருதம்’ நூலில் தம் பெயரையே மறைத்து, ‘மாஸ்டர்’ என்றும் ‘மணி’ என்றும் ‘ஒரு பக்தர்’ என்றும் ஓரமாக நின்றுகொண்ட அவர், தம் தோல்வியை மட்டும் மறைக்கவில்லை. அந்நூலின் மீது நமக்குள்ள நம்பிக்கையின் வேர் இங்கேதான் இருக்கிறது.

அவர் எழுதிய முறையும் சிந்தனைக்குரியது. குருதேவரின் முன்னிலையில் அவர் எழுதவில்லை, கேட்டார். வீடு திரும்பியபின் நினைவிலிருந்து குறிப்பெடுத்தார். ஒரு நாளின் நிகழ்ச்சிகளை நினைவுகூர்ந்து எழுதச் சில வேளைகளில் பல நாட்கள் ஆயின. பின்னாளில் அச்சுக்காக விரித்தெழுதியபோது அந்தந்தக் காட்சியைத் தியானித்த பின்னரே எழுதினார். முதல் பகுதி வங்கமொழியில் 1902-இல் வெளிவந்தது. ஐந்தாம் பகுதி, அவர் உடலைத் துறந்த 1932-ஆம் ஆண்டில் வெளிவந்தது. பிருகதாரண்யக உபநிடதத்தில் யாக்ஞவல்கியர் மைத்ரேயிக்குக் கூறும் சிரவணம், மனனம், நிதித்யாசனம் ஆகிய மூன்றும் இந்த இல்லறத்தாரின் வாழ்வில் எழுத்துப் பணியாகவே அமைந்தன.

அடியேன் மொழிபெயர்ப்புப் பணியில் இருப்பவன். தத்துவத்தில் முதுகலை பயின்ற காலத்திலிருந்தே சொற்களை எடைபோட்டுப் பார்க்கும் பழக்கம் உண்டு. கதாமிருதத்தில் அடிக்கடி வரும் சொல் ‘வியாகுலதா’. இறைவனுக்காக உயிர் துடிக்கும் நிலை அது. தமிழில் ‘வியாகுலம்’ என்று எழுதினால் துயரம் என்றே பொருள்படும். ‘வியாகுல மாதா’ என்று கிறிஸ்தவ அன்பர்கள் வழங்குவதும் அப்பொருளில்தான். ‘ஏக்கம்’ என்றால் சற்று மெலிந்துவிடுகிறது. பல நாட்கள் யோசித்துத் ‘தவிப்பு’ என்று முடிவு செய்தேன்.

வட இந்திய நகரம் ஒன்றில் வாழும் தமிழன்பர்களின் வாராந்திர வாசிப்புக்குச் சென்றபோது இதைப் பற்றிக் கால்மணி நேரம் விளக்கினேன். அனைவரும் ரசித்தார்கள். முடிந்ததும், எழுத்தறியாத ஒரு மூதாட்டி வணங்கிவிட்டு மெல்லக் கேட்டார்: “சாமி, அந்தத் தவிப்பு நமக்கு வரணும்னா என்ன செய்யணும்?”

குருதேவர் கூறியுள்ள வழிகளை எடுத்துச் சொன்னேன். தனிமையில் பிரார்த்தனை, சாதுசங்கம், விவேகம். அவர் நிறைவோடு சென்றார். ஆனால் அன்றிரவு என்னால் ஒரு வரிகூட மொழிபெயர்க்க முடியவில்லை. அச்சொல்லோடு இத்தனை நாட்கள் வாழ்ந்தேனே, ஒரு நாளாவது அந்த மூதாட்டி கேட்ட கேள்வியை நான் கேட்டேனா? பஞ்சாங்கத்தில் மழை அளவு குறிக்கப்பட்டிருக்கும். அதைப் பிழிந்தால் ஒரு துளியும் வராது என்று குருதேவர் சொல்வதுண்டு. அந்த உவமையை நான் எத்தனையோ மேடைகளில் பிறருக்காகச் சொல்லியிருக்கிறேன். அது எனக்காகச் சொல்லப்பட்டது என்பது அன்றுதான் புரிந்தது. நீர் மட்டும் ஞானியோ என்ற அக்கேள்வி 1882-இல் முடிந்துவிடவில்லை.

அதன்பின் ஒரு சிறு நியமத்தை மேற்கொண்டேன். மொழிபெயர்க்க வேண்டிய பகுதியை முதலில் எழுதுகோலோ அகராதியோ இல்லாமல், குருதேவரின் அறையில் கடைசி வரிசையில் அமர்ந்து கேட்பவனைப்போல ஒருமுறை படிப்பது. பிறகே பணிமேசை. எல்லா நாளும் மனம் நனைகிறது என்று சொல்ல மாட்டேன். பல நாட்கள் வறண்டே கிடக்கிறது. ஆனால் வறட்சியை வறட்சி என்று அறிவதும் நலமே. தாகம் இல்லையே என்ற வருத்தத்திலிருந்தும் தாகம் பிறக்கக்கூடும்.

அன்பர்களே, புனித நூல்களைப் பாராயணம் செய்கிறோம், குறிப்பெடுக்கிறோம், பிறருக்கு எடுத்துரைக்கிறோம். இவை அனைத்தும் நல்லவையே. ஆயினும் படிக்கும்போது, ‘இது இன்னாருக்குப் பொருந்தும்’ என்று மனம் பிறரைத் தேடினால் அங்கேயே நிறுத்துவோம். அந்த வரியைத் திரும்பப் படிப்போம். கேள்வியை நாமே ஏற்போம். நாட்குறிப்பு எழுதுவோர் தம் வெற்றிகளோடு தாம் திருத்தப்பட்ட இடங்களையும் உள்ளபடி எழுதட்டும். நம்பிக்கை என்பது கேள்விகளே எழாத நிலையன்று. நம்மை நோக்கி வரும் கேள்விக்கு முன் விலகாமல் நிற்கும் துணிவு. தலைமையாசிரியர் அன்று விலகிச் செல்லவில்லை. மீண்டும் வந்தார், மீண்டும் கேட்டார். அவ்வாறு திரும்பத் திரும்ப வரும் பணிவை இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக!